அமலோற்பவத்தின் கவுன்

கப்பல் வந்தால்தான் நாகரிகம் வரும் என்று கடலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்த ஊர் ஒன்று இருந்தது, அது வேறு எதுவும் இல்லை, எங்கள் பாண்டிச்சேரிதான், பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலத்துப் பாண்டிச்சேரி. மார்செய் துறைமுகத்தில் ஏறின உடுப்புப் படப் புத்தகம் கொழும்பில் இறங்கி, வேறு கப்பல் பிடித்து, அலையில் ஆடி ஆடிப் படகில் கரை சேர்ந்து, சுங்கத்தில் கிடந்து, ஈரம் பட்டு உப்பிப்போய் எங்கள் தையற்காரர்கள் கைக்கு வருவதற்குள், அந்தப் படத்தில் இருக்கிற கவுனைப் பாரீஸ்காரி கழற்றி வேலைக்காரிக்குக் கொடுத்து, அவளும் அதைப் பழசாக்கியிருப்பாள். ஆனாலும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது போதும். வருஷத்துக்கு ஒரு நாள், ஜூலை பதினாலாம் தேதி, கவர்னர் மாளிகையில் விருந்தும் நடனமும் நடக்கும். அதற்கு வெள்ளைத் துரைசாணிகளும் போவார்கள், வெள்ளை ரத்தமும் நம் ரத்தமும் கலந்த சட்டைக்காரக் குடும்பங்களும் போகும், கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் நுழைந்துகொண்ட தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களும் போகும். பூசைக்குப் புடவை, மாளிகைக்குக் கவுன், அதுதான் வழக்கம். அந்த ஒரு சாயங்காலத்துக்காக வருஷம் முழுக்கத் தைப்பார்கள், பிரிப்பார்கள், மறுபடி தைப்பார்கள், ஒருத்தி கவுனைப் பார்த்து இன்னொருத்தி வயிறெரிவாள். இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்கு ஒரே ஒரு இடத்தில்தான் சிரிப்பு வந்தது, அதுவும் பாதியில் நின்றுபோனது, அதனால் நான் என் போக்கில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குப் பின்வீதியில் அமலோற்பவம் என்று ஒரு பெண் இருந்தாள். அப்பா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்து ஓய்ந்தவர், அம்மா இல்லை, மதலேன் என்று ஒரே ஒரு அக்கா, கல்யாணமாகி அடுத்த வீட்டிலேயே குடியிருந்தாள். அமலோவுக்குப் பத்தொன்பது நடந்தபோது எதுவார் என்கிற பையனுக்கு நிச்சயம் பண்ணினார்கள். எதுவார் மீசைக்கு மெழுகு போடுவான், நடனம் ஆடுவான், சைகோனில் சுங்க இலாகாவில் அவனுக்கு உத்தியோகம் கிடைத்திருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு சைகோன் உத்தியோகம் என்றால் வேறு எதையும் விசாரிக்கத் தோன்றாது. நிச்சயத்துக்கு அவன் ஒரு சாட்டின் சுருள் கொண்டுவந்தான், லியோன் பட்டு, சந்தன நிறம், கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். அதைச் சரிபாதியாக வெட்டச் சொல்லி ஒரு பாதியை அமலோவிடம் கொடுத்தான், மறுபாதியைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

"இதுல இப்ப விருந்து கவுன் தைச்சுக்கோ. நீ சைகோன் வந்ததும் இந்தப் பாதியில இன்னொண்ணு தைக்கலாம், ரெண்டும் ஒரே துணியா இருக்கட்டும்," என்றான். "ஒரு வருஷம் பொறு. வீடு பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். மாளிகை விருந்துக்கு என்கூடத்தான் வரணும், தனியா போகக்கூடாது."

அவள் சரி என்றாள். கட்டிக்கொள்ளப் போகிறவன் கையைப் பிடித்துச் சொல்கிறான், வேறென்ன சொல்வாள்?

கவுனைத் தைத்தவள் கித்தேரியம்மா, தையற்கார வீட்டம்மா, ஏழு பெற்றவள், ஊசி பிடித்த கையோடு பிறந்தவள் என்று அவள் புருஷனே சொல்வான். அன்றைக்கு இருந்த மாதிரிப்படி தைத்தாள்: இடுப்பை ஒரு பிடிக்குள் அடக்குகிற கச்சு உள்ளே, மார்பு முன்னால் தள்ளி, பின்புறம் பின்னால் தள்ளி, பக்கத்திலிருந்து பார்த்தால் வாத்து நடந்து வருகிற மாதிரி இருக்கும், முழங்கையில் லேஸ் தொங்கும், பின்னால் நீளமாக ஒரு வால் தரையைக் கூட்டிக்கொண்டு வரும். அமலோ அதைப் போட்டுக்கொண்டு எதுவாருக்கு ஒரு தடவை காட்டினாள். அவன் கப்பலேறிப் போனான். கவுன் அலமாரிக்குள் போனது.

ஒரு வருஷம் போனது, அவன் வரவில்லை. இரண்டாம் வருஷம், ஈஸ்டர் கழிந்த ஒரு காலையில் அமலோ அலமாரியைத் திறந்தபோது முழங்கையில் இருந்த லேஸ் தோளுக்கு ஏறியிருந்தது, வால் ஒரு முழம் குறைந்திருந்தது. அவள் அக்காவைக் கூப்பிட்டாள், அக்கா கித்தேரியம்மாவைக் கூப்பிட்டாள், கித்தேரியம்மா கையை உள்ளே விட்டுத் தையலைத் தடவிப் பார்த்து, "இது என் தையல் இல்ல. ஆனா நல்ல தையல்," என்றாள். அவ்வளவுதான் விசாரணை. இரண்டு மாதம் கழித்துக் கப்பலில் புத்தகம் வந்தபோது அதே லேஸ் அதே தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. வரப்போவது என்ன என்று ஒரு அலமாரி முன்கூட்டியே சொல்கிறது என்று தெரிந்த பிறகு, அது எப்படிச் சொல்கிறது என்று கேட்க எங்கள் ஊரில் யாருக்கு நேரம்?

அமலோவுக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. "அவர் கடிதம் எழுதற ஆள் இல்லக்கா," என்றாள் மதலேனிடம். "அங்க புது மாதிரி எதைப் பாத்தாலும், இது அமலோவுக்கு நல்லா இருக்குமேன்னு நினைச்சுக்கறார். அவர் நினைக்க நினைக்க இங்க இது மாறுது." மதலேன் தங்கையின் கன்னத்தைத் தடவி, இருக்கும் இருக்கும் என்றாள்.

அப்புறம் அது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஈஸ்டருக்கும் விருந்துக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்ததும், பெண்கள் எல்லாரும் முக்காடு போட்டபடியே அமலோ வீட்டுக்கு வருவார்கள், கவுன் பார்க்கிற ஞாயிறு என்று அதற்குப் பேரே வந்துவிட்டது, அச்சு முறுக்கும் காபியும் கொடுப்பார்கள், கித்தேரியம்மா நூலால் அளவெடுத்து முடிச்சுப் போட்டுக்கொள்வாள், அமலோ கதவோரமாக நின்று சம்பந்தி வீட்டார் வந்த மாதிரி எல்லாரையும் வரவேற்பாள். பங்குச் சாமியார் முதல் வருஷம் தீர்த்தம் தெளித்துப் பார்த்தார், துணியில் கறை விழுந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை, அந்தக் கறையும் அடுத்த மாதம் தானாகப் போய்விட்டது. பிறகு அவர் நன்றாக யோசித்து, இது சர்வேசுரன் வேலையும் இல்லை, பசாசின் வேலையும் இல்லை, பாரீசின் வேலை என்று சொல்லிவிட்டார், ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் தானும் ஒரு நடை வந்து கழுத்து எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போய் அதற்கேற்ற நீளத்தில் பிரசங்கம் வைப்பார். துரைசாணிகள் தங்கள் ஆயாக்களை அனுப்பி விசாரித்தார்கள், பிறகு தாங்களே வந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் மாளிகைப் படியேறும்போது சென்னையிலிருந்து வந்த இங்கிலீஷ்காரிகள் வாயைப் பிளந்தார்கள். கொஞ்சமா பெருமை? அந்தப் பெருமையில் மதலேனின் மூன்று பெண்களுக்கும் சம்பந்தம் தேடிக்கொண்டு வந்தது.

அமலோ மாளிகைக்குப் போகவில்லை. அவன் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான் அல்லவா? விருந்து நாளில் எல்லாரும் போன பிறகு, அவள் தன் அறையில் கவுனைப் போட்டுப் பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். ஆனால் அது அவளுக்குச் சரியாக இருக்கவில்லை. தோள் இறுக்கியது, கை பிடித்தது, கொக்கி எட்டவில்லை. கவுன் தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவர் மனசில் நான் மெலிசாக இருக்கிறேன், நான்தான் இங்கே தடித்துப்போனேன் என்று நினைத்துக்கொண்டாள். இரவுச் சோற்றை விட்டாள், பிறகு காலைப் பலகாரத்தை விட்டாள், கஞ்சித் தண்ணீரில் நாளை ஓட்டினாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. அக்கா கேட்டால் வயிறு சரியில்லை என்பாள்.

அப்புறம் அந்த வருஷம் வந்தது. இடுப்பு கச்சை விட்டு மார்புக்குக் கீழே ஏறி, கவுன் குழாய் மாதிரி நேராக இறங்கிக்கொண்டிருந்த காலம். அந்த ஈஸ்டருக்கு அலமாரியைத் திறந்தால் கவுனின் வயிறு விட்டிருந்தது, இரண்டு பக்கமும் புதிதாகத் துணி கோத்து, முன்னால் தாராளமாக மடிப்பு வைத்து, ஒரு பூசணிக்காயை உள்ளே வைத்தால் நன்றாகத் தாங்கும். அமலோ போட்டுப் பார்த்தாள். முதல் தடவையாக அது அவளை இறுக்கவில்லை. "எம்மேல இரக்கப்பட்டுட்டார்க்கா," என்று சொல்லி அழுதாள், அன்றைக்கு ராத்திரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

ஊர் உடனே வேலையில் இறங்கியது. கப்பலில் வந்த புத்தகத்தில் அப்படி ஒரு வயிறு இல்லை, ஆனால் புத்தகம் பிந்தி வருவதுதானே, அடுத்த புத்தகத்தில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள். ஜூலை பதினாலாம் தேதி சாயங்காலம் பாண்டிச்சேரியில் இருக்கிற அத்தனை பெண்களும் வயிறு விட்ட கவுனோடு மாளிகைப் படி ஏறினார்கள், நேற்றுச் சமைந்த பெண்ணிலிருந்து அறுபது தாண்டிக் கல்யாணமே செய்துகொள்ளாத பியானோ வாத்தியாரம்மா வரை. கவர்னரின் மனைவி புதியவள், பாரீசிலிருந்து நேராக அந்த மாதம்தான் வந்து இறங்கியிருந்தாள். வரிசையாக வந்த வயிறுகளைப் பார்த்தாள், கவர்னரின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி வயிறுகளைப் பார்த்தாள். பிறகு சுவரோரமாக நாற்காலி போடச் சொன்னாள், ஜன்னலை எல்லாம் திறக்கச் சொன்னாள், வாத்தியக்காரர்களிடம் வேகமாக வாசிக்க வேண்டாம் என்றாள், மதுவை எடுத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் பால் கொண்டுவரச் சொன்னாள். பியானோ வாத்தியாரம்மாவின் கையைப் பிடித்து அவளே நடத்திக்கொண்டு போய் உட்காரவைத்தாள். இத்தனை மரியாதை இதற்குமுன் எந்தக் கவர்னர் மனைவியும் காட்டியதில்லை என்று எங்கள் பெண்கள் பூரித்துப்போய்ப் பாலைக் குடித்தார்கள். நான் சிரித்தது இந்த இடத்தில்தான்.

அடுத்த ஈஸ்டருக்கு வயிறு உள்ளே போய்விட்டது. அதற்குப் பதிலாக மார்பில் இரண்டு பக்கமும் சின்னக் கொக்கி வந்திருந்தது, மடல் மாதிரித் திறந்து மூடும்படி துணி வைத்து, அதன்மேல் அழகாக லேஸ் போட்டு மறைத்திருந்தது. பெண்கள் எல்லாரும் கொக்கியைப் பார்த்து ஆகா என்றார்கள். கித்தேரியம்மா மட்டும் விரலால் அந்த மடலைத் திறந்தாள், மூடினாள், இன்னொரு தடவை திறந்தாள். பால் கொடுக்கிறவள் தவிர வேறு எவளுக்கு அந்த இடத்தில் கொக்கி வேண்டும்? அவள் ஏழு பிள்ளைக்கு அப்படித் தைத்துக்கொண்டவள். சுருளின் மறுபாதி எங்கே போனது என்று அவளுக்கு அப்போது புரிந்தது: மார்செய் கப்பல் நேராகப் போய்ச் சேருகிற சைகோனில் ஒருத்தி அதில் கவுன் தைத்துக்கொண்டிருக்கிறாள், வருஷா வருஷம் பிரித்துப் புது மாதிரியாகத் தைக்கிறாள், அங்கே ஊசி குத்தினால் இங்கே நூல் ஓடுகிறது.

கித்தேரியம்மா தன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், இல்லை அமலோவிடம் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை, மதலேனிடம் சொன்னாள். மதலேன் சைகோனிலிருந்து ஓய்வு வாங்கி வந்த ஒருவரைக் கேட்டாள், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவனுக்கு அங்க குடும்பம் இருக்கும்மா, பிள்ளையும் பொறந்திருக்கு, அந்தப் பொண்ணுக்கு இங்க ஒருத்தி இருக்கறது தெரியாது," என்றார். ஒரு வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, அமலோவையும் படுக்கையில் கிடந்த அவள் அப்பாவையும் தவிர. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊர் வாயை மூட ஒரு கவுன் போதுமாக இருந்தது. முதலில் பாவம் என்று சொல்லாமல் இருந்தார்கள். பிறகு விருந்து நெருங்குகிறது, முடியட்டும் என்று இருந்தார்கள். பிறகு, சொன்னால் அவள் அதைத் தூக்கி அடுப்பில் போட்டுவிடுவாள், அப்புறம் மறுபடி கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாள், மற்றவர்கள் அவளை அதட்டினார்கள், ஆனால் எவளும் இல்லை என்று சொல்லவில்லை. சாமியாருக்கும் பாவசங்கீர்த்தனத்தில் விஷயம் வந்து சேர்ந்தது. அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவருக்கு நல்ல வசதியாகப் போயிற்று.

இதோடு விட்டிருந்தால்கூட நான் இவர்களை மன்னித்துவிடுவேன். ஞானாதிக்கம் விஷயத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஞானாதிக்கம் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர், மனைவியை இழந்தவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். கவுனின் அடிவிளிம்பு இறுகி, பெண்கள் முயல் மாதிரித் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்த வருஷம், அவர் அமலோவின் அப்பாவிடம் வந்து பெண் கேட்டார். அமலோவிடமும் நேரில் பேசினார். "எனக்கு உங்க கவுனைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க பூசையில பாடறப்ப மூச்சு வாங்கறீங்க, சாப்பிடறதில்லன்னு தெரியுது. என் வீட்டுல வந்து சாப்பிடுங்க," என்றார். ஒரு பெண்ணைக் கேட்க இதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அமலோவுக்கும் மனசு அசைந்தது. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள், காத்திருந்து காத்திருந்து களைத்திருந்தாள். அக்காவிடம் போய், "என்னக்கா சொல்றே? அவர் இனிமே வருவாரா?" என்று கேட்டாள்.

மதலேனுக்கு மூத்த பெண்ணின் சம்பந்தம் அப்போதுதான் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அந்த வருஷம் கவுன் பார்க்கிற ஞாயிறுக்கு வருவதாக இருந்தார்கள். வேறொருத்தனைக் கட்டிக்கொண்டால் எதுவார் கொடுத்ததை எதுவார் வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. மதலேன் அலமாரியைத் திறந்தாள், கவுனின் கழுத்தில் அந்த வருஷம் புதிதாக ஓடியிருந்த முத்து வரிசையைத் தொட்டுக் காட்டினாள். "இதப் பாருடி. ஒவ்வொரு முத்தா கோத்திருக்கு. ஒருத்தன் மனசுல நீ இல்லாமலா இது வரும்? இன்னும் கொஞ்சம் பொறு." வீதிப் பெண்களும் ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்து அதையே சொன்னார்கள். கித்தேரியம்மா வந்தாள், முத்தைத் தொட்டாள், எதுவும் சொல்லவில்லை, அவள் சொல்லாததும் ஒரு பதில்தான் என்று அமலோ எடுத்துக்கொண்டாள். ஞானாதிக்கத்துக்கு முடியாது என்று சொல்லி அனுப்பினாள். அவர் காரைக்கால் கோயிலுக்கு வாசிக்கப் போய்விட்டார். அந்த வருஷம் கவுனுக்கு மறுபடி வயிறு விட்டது, அமலோ மறுபடி சந்தோஷப்பட்டாள்.

காலம் போனது, கவுன் போன வழியில் ஊரும் போனது. பெரிய யுத்தம் வந்தது, ஆண்கள் கப்பலேறினார்கள், கவுன் கணுக்கால் தெரியக் குட்டையாகி, நடந்து வேலைக்குப் போக வசதியாக அகன்றது, துக்க வீடுகளில்கூட அப்படியே கறுப்பில் தைத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்தது, இடுப்பு கீழே இறங்க ஆரம்பித்தது, இறங்கி இறங்கி இடுப்பெலும்பில் போய் நின்றது, மார்பு இருந்த இடமே தெரியாமல் கவுன் தலையணை உறை மாதிரி ஆயிற்று. இடையில் மூன்றாம் தடவையும் வயிறு விட்டது, கொக்கி வந்தது, இப்போதெல்லாம் ஊர் அந்த வருஷங்களில் மட்டும் வயிற்றை விட்டுவிட்டு மீதியை மட்டும் பார்த்துத் தைக்கக் கற்றுக்கொண்டிருந்தது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையை ஊரே சேர்ந்து பழகியிருந்தது. கவுனுக்குக் கை போனது. அடிவிளிம்பு முழங்காலுக்கு ஏறியது. மணிகள் கோத்த குஞ்சம் ஆடியது. சாமியார் அந்த ஞாயிற்றுக்கிழமை படி வரை வந்து முழங்காலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். பிறகு பின்பக்கம் மட்டும் இறங்கியது, முன்பக்கமும் இறங்கியது, துணியைக் குறுக்காக வெட்டி உடம்போடு வழியவிட்டு, முதுகு முழுக்கத் திறந்து வைத்தது. அமலோவுக்கு ஐம்பது நெருங்கியது. முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிற அந்த உடம்பில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைத் திருப்பி, தலையை வளைத்துப் பார்த்துக்கொண்டாள். அப்போதும் தோள் இறுக்கியது.

அடுத்த ஈஸ்டர் கழிந்து ஞாயிறு வந்தது. பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், அச்சு முறுக்கைக் கடித்தார்கள். அமலோ அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஒரு சின்னக் கவுன் தொங்கியது. கழுத்து மூடி, கை உப்பி, இடுப்பில் நாடா கட்டி, சந்தன நிறத்தில் ஒரு சிறுமியின் கவுன். மாங்காய் பறிக்கப் போன இடத்தில் கிழியாமல் இருக்கட்டும் என்று நினைத்த மாதிரி அடியில் இரட்டைத் தையல் போட்டிருந்தது.

பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, "பாரீசுல இப்ப எல்லாம் சின்னதாத்தான் போடறாங்க போல," என்றாள். இன்னொருத்தி, ஆமாம், ஒல்லியாக இருப்பதுதான் இப்போது நாகரிகம் என்றாள். அமலோ அந்தக் கவுனைத் தன் தோளில் வைத்துப் பார்த்தாள். அது அவள் தோளில் பாதிகூட இல்லை. எவ்வளவு கஞ்சி குடித்தாலும் இதற்குள் போக முடியாது என்று அவளுக்கே தெரிந்தது. கவுனைக் கித்தேரியம்மாவின் மடியில் வைத்தாள்.

"இது யார் அளவு, கித்தேரியம்மா?"

கித்தேரியம்மாவுக்கு வயதாகிவிட்டது, பொய் சொல்ல மூச்சு இல்லை. "பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு," என்றாள்.

"இதுக்கு முன்னால இத்தனை வருஷம் இருந்தது?"

"அவ அம்மாவுக்கு."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"மார்ல கொக்கி வந்துச்சே, அன்னையிலேருந்து."

அமலோ ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், ஒவ்வொருத்தியும் காபிக் கோப்பையைப் பார்த்தாள், கடைசியில் பார்வை மதலேனிடம் வந்து நின்றது. மதலேன், "நீ சந்தோஷமா இருந்தேடி. அதைக் கெடுக்க மனசு வரல," என்றாள்.

"ஞானாதிக்கம் வந்து கேட்டாரே. அப்ப உனக்குத் தெரியுமா?"

மதலேன் முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "தெரியும்," என்றாள்.

இதில் என் வயிறு எதற்கு எரிகிறது என்றால், அந்த நேரத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி, யார் என்று சொன்னால் அவள் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், கையை நீட்டி அந்தக் கவுனின் உப்பின கையை விரலால் அளந்து பார்த்தாள். பெரியவர்களுக்கும் இந்தக் கை நன்றாகத்தான் இருக்கும் என்று பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள். அமலோ அதைக் கேட்டாள். எல்லாரையும் போகச் சொன்னாள். சத்தம் போடவில்லை, கதவைக் காட்டினாள்.

மதலேன் மட்டும் போகாமல் நின்று அழுதாள். கத்தரிக்கோலை எடுத்து நீட்டி, "வெட்டிப் போடுடி. நார் நாரா கிழிச்சுப் போடு. மனசு ஆறும்," என்றாள்.

"அந்தப் பிள்ளை இப்ப இதைப் போட்டுக்கிட்டு எங்கயாவது நின்னுட்டிருக்கும்," என்றாள் அமலோ.

அப்படிச் சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. அங்கே தைத்தால் இங்கே வருகிறது என்றால், இங்கே தைத்தால் அங்கே போகாதா? இத்தனை வருஷம் அவள் அந்தக் கவுனில் ஒரு ஊசிகூடக் குத்தியதில்லை, அவர் நினைப்பின் மேல் கைவைக்கக் கூடாது என்று. ஊருக்கும் அது தோன்றவில்லை, ஏனென்றால் சைகோனிலிருந்து எடுத்துக்கொள்ள ஊருக்கு நிறைய இருந்தது, சைகோனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு வண்ணான் குறி உண்டு. யார் சட்டை யார் வீட்டுக்குப் போகுமோ என்கிற பயத்தில் எங்கள் ஆண்கள் சைகோன் போனாலும் பாரீஸ் போனாலும் சட்டைக் கழுத்தின் உள்பக்கம் அந்தக் குறியைத் தைக்காமல் வெளுக்கப் போடமாட்டார்கள். அந்தந்த ஊரில் அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவள்தான் அதைத் தைக்கவும் வேண்டும். ஒரு பெண்ணுக்கு நிச்சயம் ஆனால், மாப்பிள்ளை கொடுத்த முதல் துணியின் உள்மடிப்பில் இரண்டு வீட்டுக் குறியையும் பக்கத்தில் பக்கத்தில் தைப்பது வழக்கம். வெள்ளைக்காரத் துணியில் வண்ணான் குறியா என்று எதுவார் அன்றைக்கு வேண்டாம் என்றிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அமலோ அந்தச் சின்னக் கவுனின் உள்மடிப்பைத் திருப்பினாள். அவன் வீட்டுக் குறியைத் தைத்தாள், ஒரு கோடு, மேலே மூன்று புள்ளி. ஒட்டினாற்போல் தன் வீட்டுக் குறியைத் தைத்தாள், ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. பழுப்பு நூல் எடுத்தாள், பழசாகத் தெரியட்டும் என்று. எதுவார் சட்டையில் அவன் குறியைத் தைத்துத் தைத்துப் பழகினவளுக்கு, பக்கத்தில் இன்னொரு வீட்டுக் குறி எதற்கு என்று புரியாமல் போகுமா? முடித்ததும் கவுனை அலமாரியில் மாட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அந்தக் கிழமை முழுக்க ஒன்றும் இல்லை. ஊர் வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டுப் போனது. ஜூலை வந்தது, பெண்கள் போன வருஷத்துக் கவுனையே தேய்த்துப் போட்டுக்கொண்டு, திறந்த முதுகில் கொசு கடிக்க மாளிகைக்குப் போய்வந்தார்கள். அதற்குப் பிந்தைய ஒரு காலைப் பூசை முடிந்து வந்து அமலோ அலமாரியைத் திறந்தாள். மதலேனும் பின்னாலேயே வந்தாள், தினமும் வந்துகொண்டுதான் இருந்தாள், அமலோ அவளை உள்ளே வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை.

உள்மடிப்பில் எதுவாரின் குறி இல்லை. கோட்டையும் மூன்று புள்ளியையும் யாரோ ஊசிமுனையால் நூல் நூலாகப் பிரித்து எடுத்திருந்தார்கள், துணி கிழியாமல், அவசரப்படாமல்; ஊசி போன ஓட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. அமலோவின் குறி அப்படியே இருந்தது. அதன்மேலேயே இன்னொரு நூல் ஓடியிருந்தது, பிரிந்துவிடாமல் இருக்க.

அமலோ அதை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள், எதுவார் போனதற்கு அழாத அழுகை, ஞானாதிக்கம் போனதற்கு அழாத அழுகை எல்லாவற்றையும் சேர்த்து அழுதாள். மதலேன் பயந்துபோய், "என்னடி? என்ன போட்டிருக்கா அவ?" என்று கிட்டே வந்து தோளைத் தொடப் போனாள்.

அமலோ கவுனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க இத்தனை பேரு என்னைச் சுத்தி இருந்தீங்க. என் வீட்டுல காபி குடிச்சீங்க. அவ முகம் எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. எங்கிட்ட உண்மையைச் சொன்னது அவ ஒருத்திதான்க்கா."

மதலேன் அதற்கப்புறமும் பல வருஷம் அடுத்த வீட்டில்தான் இருந்தாள், அங்கேயேதான் செத்தாள். அமலோ அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.